லுவாங்வா காட்டில் மூன்று குடிசை முகாம்

ஒரு சிறுத்தை, அதைச் சுற்றி 11 ஜீப். சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் என் முதல் மாலை இப்படித்தான் கழிந்தது. சிறுத்தையைவிட, நீட்டிய செல்போன்களைத்தான் அதிகம் பார்த்தேன். நீச்சல் குளமும் நாற்பது படுக்கைகளும் கொண்ட விடுதியை நம்பிப் பணம் கட்டியதை நினைத்து வயிறு எரிந்தது. இந்தக் காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குடிசைகள் எத்தனை என்று முதலில் கேளுங்கள். ஆறுக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

போகும் வழியைச் சொல்ல வேண்டும். தலைநகர் லுசாக்காவிலிருந்து பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள ம்ஃபுவேக்கு விமானம் உண்டு. காசை மிச்சம் பிடிக்க நினைத்து, கிழக்கே உள்ள சிப்பாட்டா நகரம் வரை பஸ்ஸில் போனேன். ஏறத்தாழ 570 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்தும், கடைசி இருக்கை நிரம்பும்வரை வண்டி நகரவில்லை. காலை நீட்ட வேண்டிய இடத்தில் மக்காச்சோள மாவு மூட்டை. சிப்பாட்டாவில் பிடித்த டாக்சிக்காரர் பேசிய தொகையை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குத் தனியாகக் கேட்டார். இருட்டிவிட்டதால் கொடுத்துவிட்டேன். மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விட்டது.

மூன்றாம் நாள் மாறிய முகாமில் மூன்றே குடிசைகள், ஆறு பேருக்குத்தான் இடம். மூங்கிலும் புல்லும் வைத்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கட்டுகிறார்கள், அடுத்த மழைக்கு முன் பிரித்துவிடுகிறார்கள். குளிக்க, கிளையில் தொங்கும் வாளியில் வெந்நீர். தனி ஆள் என்பதால் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், அது வலித்தது. பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சம்மதித்தேன். மதியம் பணியாளர்களோடு உட்கார்ந்து நஷிமா சாப்பிட்டேன். மக்காச்சோள மாவில் கிண்டியது. நம் களியைப்போலக் கையால் உருட்டி, கீரையில் தொட்டு விழுங்கினால் அமிர்தம். பெரிய விடுதியின் ஆறு வகை விருந்து அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் நான் கொடுத்த காசு நடைக்குத்தான். காட்டுக்குள் விருந்தினரை நடத்தியே கூட்டிப்போகும் வழக்கத்தை வனப் பாதுகாவலர் நார்மன் கார் வளர்த்தெடுத்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் துப்பாக்கியுடன் பூங்காக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாங்கள், கடைசியில் தேநீர்ப் பையுடன் ஒருவர். வழிகாட்டி அடிக்கடி குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதியை அள்ளி விரலிடுக்கில் கசியவிடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, காற்று அந்தப் பக்கம். எங்கள் வாடை யானைக்கு எட்டக் கூடாது.

செப்டம்பரில் ஆற்றோரத்து வேல மரங்களில் காய் முற்றியிருந்தது. கொடுக்காப்புளிபோலச் சுருண்ட, செம்மஞ்சள் நிறக் காய்கள். ஒரு கொம்பன் நெற்றியை அடிமரத்தில் வைத்து ஒரே ஒரு முறை உந்தியது. உச்சிக் கிளைவரை ஆடி, காய்கள் சடசடவென்று கொட்டின. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் துதிக்கை நுனியால் பொறுக்கித் தின்றது. கால் மணி நேரம் கறையான் புற்றின் மறைவில் நின்றோம். ஜீப் இல்லை, இன்ஜின் சத்தம் இல்லை. அது மெல்லுகிற ஓசை கேட்டது.

லுவாங்வாப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்தேன், தேனீக்களைப் பிடித்துத் தின்னும் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் ஆற்றங்கரையில் வளை தோண்டுவதையும் பார்த்தேன். எழுத இடம் போதாது.

வெயில் தாங்காதவர்கள் அக்டோபரைத் தவிருங்கள். நான் விசாரித்த இரண்டு முகாம்களும் ஜூனுக்குக் குறைந்த தொகையே சொன்னார்கள்.

கடைசி இரவு ஒரு மணிக்கு விழித்துக்கொண்டேன். நாணல் சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு நீர்யானை புல்லைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கட்டிலில் அசையாமல் கிடந்து, அது ஆற்றுக்குத் திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.