பட்டியலில் என் பெயரும் இருந்தது

அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. அவனைத் தற்கொலையில் இழந்தோம். இந்தச் சின்ன வாக்கியத்தை நாக்கு இடறாமல் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் "திடீர்னு நெஞ்சுவலி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது யாருக்கும் உதவாது. அதற்குப் பிறகு நானும் அண்ணியும் என்ன செய்தோம், எங்கே தடுமாறினோம், எது எங்களைக் கொஞ்சமாவது தாங்கிப் பிடித்தது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் யாராவது ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித் தேடியவள்தான்.

முதலில் வந்தது அழுகை இல்லை, போன்தான். அவனுடைய போனை நாங்கள் அணைக்கவில்லை. அதில் போட்டோக்கள் இருந்தன, அவன் குரல் இருந்தது, அதனால் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தோம். இரண்டாவது வாரம், அவன் வாங்கியிருந்த கடன்களைக் கேட்டு அது அடிக்க ஆரம்பித்தது. "அவர் இல்லைன்னா நீங்க கட்டுங்க" என்றான் ஒருவன். இறந்துவிட்டார் என்று அண்ணி சொன்னதற்கு, "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்று பதில் வந்தது. அண்ணி போனைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அதை வாங்கி, பேச்சை எப்படியாவது நிறுத்தினால் போதும் என்று, என் சேமிப்பிலிருந்து அன்றைக்கே ஒரு சிறு தொகையைக் கட்டினேன். அது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வக்கீல் ரொம்பப் பொறுமையானவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" அந்த ஒரு கேள்வியில் பாதிப் பயம் இறங்கியது. பல நாடுகளில் இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும். சொத்து போதவில்லை என்றால், மனைவி என்பதாலோ தங்கை என்பதாலோ நம் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், சேர்ந்து கடன் வாங்கியிருந்தால் கதை வேறு. அண்ணி ஒரே ஒரு கடனில் ஜாமீன் போட்டிருந்தார். மற்றவற்றுக்கு அவர் பொறுப்பே இல்லை. ஆனால் எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பின்னாளில் எங்கள் துக்கக் குழுவில் சந்தித்த ஒருவர் ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே சொத்தோடு கடனும் வாரிசுக்கு வந்துவிடும், வேண்டாம் என்றால் 6 வாரத்துக்குள் மறுத்துவிட வேண்டும். ஜப்பானில் அந்த அவகாசம் 3 மாதம். நாளும் கிழமையும் தெரியாமல் கிடக்கும் வாரங்கள்தான் அவை. அதனால்தான் சொல்கிறேன், துக்கம் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இந்த ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்களால் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்பியாவது கேட்டுவிடுங்கள்.

வக்கீல் சொன்ன இன்னொன்று: எழுத்தில் கேட்காமல் யாருக்கும் எதையும் கட்டாதீர்கள், "கட்டிடறோம்" என்று வாயால்கூடச் சொல்லாதீர்கள். கொஞ்சம் கட்டினாலே கடனை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கிடைத்துவிடும். இறப்புச் சான்றிதழின் நகலோடு ஒவ்வொரு இடத்துக்கும் கடிதம் அனுப்பினோம். கடன் பத்திரத்தின் நகல், இன்றைய பாக்கி, வட்டிக் கணக்கு, அந்தக் கடனோடு காப்பீடு ஏதாவது இணைந்திருக்கிறதா என்ற விவரம், நான்கையும் கேட்டோம். கடைசிக் கேள்வியை நாங்களாக யோசித்திருக்கவே மாட்டோம். ஒரு கடனில் அப்படி ஒரு காப்பீடு இருந்தது, அது அப்படியே முடிந்தது. தற்கொலை என்றாலே காப்பீட்டுப் பணம் வராது என்று ஊரே நம்புகிறது. பாலிசி எடுத்த முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த விலக்கு. தேதியைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்ய முதலில் யாருக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. அப்படித்தான் அந்த நோட்டு கைக்கு வந்தது.

அலமாரியில் சட்டைகளுக்குக் கீழே, கோடு போட்ட ஒரு சாதாரண நோட்டு. அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. உள்ளே அவனுடைய நெருக்கமான, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. பெயர், தொகை, வட்டி, தேதி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல். அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தான், நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தால் மறுபடியும் அதே பெயர்கள், அதே கூட்டல். விடை மாறிவிடாதா என்று பார்த்திருக்கிறான் போல. சில இடங்களில் பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

எல்லாப் பட்டியலிலும் முதல் வரி ஒன்றேதான். மற்றவர்களுக்கு முழுப்பெயர், நிறுவனத்தின் பெயர். முதல் வரியில் மட்டும் "பாப்பா" என்று இருந்தது. வீட்டில் என்னை அப்படிக் கூப்பிடுவது அவன் மட்டும்தான். எப்போதோ ஒரு அவசரத்துக்கு நான் கொடுத்து, கொடுத்ததையே மறந்துபோன தொகை அது.

கடைசி வருடம் முழுவதும் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டான், எடுத்தாலும் இரண்டு வார்த்தை. ஏதோ கோபம் என்று நினைத்தேன். பதிலுக்கு நானும் முறுக்கிக்கொண்டேன். அவன் என்னைத் தங்கையாகப் பார்க்க முடியாமல், கடன் கொடுத்தவளாகப் பார்த்து ஒளிந்துகொண்டிருந்தான் என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெளியாட்களுக்குப் பயந்தது ஒரு பங்கு என்றால், எங்களிடம் கூசியது மூன்று பங்கு. கடன் ஒரு மனுஷனை முதலில் பிரிப்பது அவன் சொந்தக்காரர்களிடமிருந்துதான்.

அவனுடைய மறதியும் அப்புறம்தான் புரிந்தது. பேச்சின் நடுவில் நிறுத்திவிடுவான், சொன்ன நாளுக்கு வர மாட்டான், குழந்தையின் பள்ளிக் கூட்டத்தை மறந்துவிடுவான். அக்கறையில்லை என்று நாங்கள் சண்டை போட்டோம். 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தேன். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் செய்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு சோதனை. அறுவடைப் பணம் வந்த பிறகு அதே ஆட்களிடம் மறுபடியும். பணமில்லாத நாட்களில் அதே மூளை மந்தமாக வேலை செய்தது. பணக்கவலை மனதில் இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். படித்துவிட்டு, அண்ணியிடம் காட்டலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காட்டினேன். "நான் அவரை எவ்வளவு திட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் இருந்ததால் இறந்தான் என்று ஒற்றை வரியில் முடிக்க மனசு அலையும், எனக்கும் அலைந்தது. ஆனால் அவன் மாதக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பாடு குறைந்திருந்தது, எதிலும் பிடிப்பில்லை. அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு, யாரும் கண்டுகொள்ளவில்லை. தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் என்பது அநேகமாக இருப்பதில்லை. கடனைத் தீர்க்க வழி இருந்தது, அவன் நிலையில் அது அவன் கண்ணில் படவில்லை. நாங்கள் பிறகு தீர்த்தோமே, அதே கடனைத்தான்.

துக்கம் வேறு வேகத்தில் நடந்தது. காலையில் கடிதம், நகல், அலுவலகம் என்று ஓடுவேன், ராத்திரி சுருண்டு படுத்து அழுவேன். காலையில் இவ்வளவு சாதாரணமாக வேலை பார்க்கிறேனே, எனக்குப் பாசமே இல்லையோ என்று உறுத்தியது. ஆலோசகர் ஒருவர் அதை விளக்கினார். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவது இயல்பு. ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-லேயே இதை எழுதியிருக்கிறார்களாம். அதைக் கேட்ட பிறகு காலையையும் ராத்திரியையும் ஒன்றோடொன்று சண்டைக்கு விடுவதை நிறுத்தினேன். நீத்தார் கடன் என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அவன் போட்டுவைத்த கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்ததைத்தான் நான் அவனுக்குச் செய்த நீத்தார் கடனாக நினைக்கிறேன்.

கோபமும் வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இறந்தவன் மேல் என்ன கோபம் என்பார்களே. "இவ்வளவு கோழையா இருப்பான்னு நினைக்கல" என்று வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் சொன்னபோது, அதே கோபம் அவர் மேல் திரும்பியது. எழுந்து உள்ளே போய்விட்டேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருந்தது, அவருக்கு இல்லை.

துக்கக் குழுவில்தான் அந்தக் கோபத்தை வாய்விட்டுச் சொன்னேன். தற்கொலையில் உறவை இழந்தவர்கள் மட்டும் சேர்ந்து பேசும் குழு, வீடியோ அழைப்பில் நடக்கிறது. முதல் இரண்டு தடவை கேமராவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு அம்மா, மகனை இழந்தவர், "அவன் கையில கிடைச்சா முதல்ல ஒரு அறை விடுவேன், அப்புறம் கட்டிக்குவேன்" என்றார். எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. உலகம் முழுவதும் வருடத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் எத்தனை வீடு, எத்தனை பேர்! ஆனாலும் பக்கத்து வீட்டில் நடந்ததுகூட நமக்குத் தெரியாது. எல்லாரும் நெஞ்சுவலி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

குழுவில் கற்ற மிக முக்கியமான விஷயம், நேராகக் கேட்பது. இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அதே எண்ணம் வரும் வாய்ப்பு கூடுதல். கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம் என்றார்கள். அன்று ராத்திரியே அண்ணியிடம் கேட்டேன்: "அண்ணி, உங்களுக்கும் செத்துப்போகணும்னு தோணுதா?" ரொம்ப நேரம் கழித்து, "சில நாள் தோணுது" என்றார். திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. அண்ணி இன்னும் மருத்துவரைப் பார்க்கிறார், மாத்திரை எடுக்கிறார், நன்றாகத் தூங்குகிறார்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லத்தான் அதிகம் தயங்கினோம். வேறு யார் வாயாலோ கேட்பதற்கு முன் நாங்களே சொல்லிவிட முடிவு செய்தோம். அப்பாவின் மனசு ரொம்ப நோயாக இருந்தது, அந்த நோயில் அவரே தன் உயிரை எடுத்துக்கொண்டார், அதற்கு நீ காரணமே இல்லை என்று சொன்னோம். கடைசி வாக்கியத்தை மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னோம்.

கடனெல்லாம் போன மாதம் முடிந்தது. சொத்திலிருந்து தீர்ந்தவை சில, பேசிக் குறைத்து முடித்தவை சில, காப்பீட்டில் போனது ஒன்று, அண்ணி ஜாமீன் போட்டிருந்ததற்குத் தவணை. ஒவ்வொன்று முடிந்ததும் பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கி, நோட்டின் கடைசிப் பட்டியலில் அந்த வரியை அண்ணி ஸ்கேல் வைத்து அடிப்பார். கடைசி வரியை அடித்ததும் பேனாவை மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தார்.

"இதையும் அடிச்சிடவா?"

"இருக்கட்டும் அண்ணி" என்றேன்.