மூடியில் மிஞ்சிய 9.5 மி.மீ.

குக்கர் மூடி ஓரம் லேசாகக் கசிந்தாலே எங்கம்மா அடுப்பை அணைத்துவிடுவார். டேவிஸ்-பெஸ்ஸி கதையைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் ஒஹையோவில் ஈரி ஏரிக்கரை அணுமின் நிலையம் அது. உலை மூடிக் குழாய்களில் விரிசல் இருக்கலாம், 2001 டிசம்பர் 31க்குள் பாருங்கள் என்றது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். கம்பெனி அவகாசம் கேட்டது. நிறுத்தினால் நஷ்டமாச்சே! 2002 பிப்ரவரி 16 வரை ஓட்ட அனுமதியும் கிடைத்தது.

மார்ச்சில் பார்த்தால், விரிசல் வழியே கசிந்த உலைத் தண்ணீரில் கலந்திருந்த போரிக் அமிலம், மூடியின் ஆறு அங்குல எஃகை ஓரிடத்தில் தின்று தீர்த்திருந்தது. மிச்சம் உள்பக்கத்துத் துருப்பிடிக்காத எஃகு உறை மட்டும், சுமார் 9.5 மி.மீ. வளிமண்டலத்தைப் போல 150 மடங்கு அழுத்தத்தை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு மனசு ஆறாதது வேறு விஷயம். 2000லேயே மூடியிலிருந்து செந்துரு வழிவதைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். காற்று வடிகட்டிகளில் துரு அடைக்க அடைக்க மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை துருவிப் பார்க்கவில்லை.

2005இல் கம்பெனிக்கு 54.5 லட்சம் டாலர் அபராதம். அவகாசம் கொடுத்ததே பெருமளவு கம்பெனியின் பணக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் என்று ஆணையத்தின் உள் கண்காணிப்பு அலுவலகமே 2002 டிசம்பரில் எழுதி வைத்துவிட்டது.