ரன் பட்டியல் எங்கே ஏமாற்றும்?

பாம்பன், மண்டபம் இறங்குதளங்களில் எடுத்த படங்களைக் கொண்டு சூடை, சீலா, பாறை என்று மீன் இனம் பிரிக்கும் மாடலைப் பயிற்றுவிப்பவர்களுக்கு எம்எல்ஃப்ளோ என்ற பதிவு மென்பொருளின் ரன் பட்டியல்தான் கணக்கு நோட்டு. ஒவ்வொரு பயிற்சி ஓட்டமும் அதில் ஒரு 'ரன்'. அதற்கு விளக்கக் குறிப்பு எழுதும்போது கட்டளைகளை அடுக்கினால் மட்டும் போதாது.

பயிற்சி நடுவில் கரண்ட் போனால் அந்த ரன் 'ரன்னிங்' என்றே நின்றுவிடும். முடிந்ததைப் பதிவுசெய்ய வேண்டிய புரோகிராமே செத்துவிட்டதே! இதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். பைத்தானில் எடுக்கும் பட்டியலில் தொடக்க நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வடிகட்டலில். பட அளவு போன்ற பயிற்சி அமைப்புகளான பாராமீட்டர்கள் எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றன. பட அளவு ஒரு ரன்னில் 224 என்றும் இன்னொன்றில் 224.0 என்றும் பதிவாகியிருந்தால், ஒன்றைத் தேடும்போது மற்றது வராது. பிழைச்செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. மதிப்பை மேற்கோள்குறிக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் உதாரணத்தோடு காட்டுங்கள்.

படங்கள் வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலா (மன்னார் வளைகுடாப் பக்கம்), எந்த மாதம் என்ற டேக், அதாவது ரன்னில் ஒட்டும் குறிச்சீட்டு, கட்டாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரைக்கு வருவது நாட்டுப்படகு மீன். அந்தப் படங்களில் சோதித்த ரன்னையும் மற்ற மாத ரன்னையும் துல்லியத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவது தவறு. பதிவான பாராமீட்டரை மாற்ற முடியாது. டேக்கை ரன் ஐடி கொடுத்துப் பிறகும் சேர்க்கலாம்.