பயோமெடிக்கலா, கோர் பிராஞ்சா: என் கவுன்சிலிங் கதை

ப்ளஸ் டூவில் பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப். நீட் எழுதும் எண்ணம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி மெஷின்கள் மேல் ஒரு கண். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று வாயெடுத்ததும் சொந்தபந்தம் பாதி கோபிசெட்டிபாளையத்தில் கூடிவிட்டது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் இருக்கும் மாமா, "ஏஞ்சாமி, அங்க எங்க திரும்பினாலும் மோட்டாரும் பவுண்டரியுந்தான். மெக்கானிக்கலோ ட்ரிப்பிள் ஈயோ படிச்சா உள்ளூர்லயே பொழச்சுக்கலாம். அதென்ன பயோ?" என்றார். மெக்கானிக்கல், ட்ரிப்பிள் ஈ என்கிற எலக்ட்ரிக்கல் மாதிரி அடிப்படைப் பிரிவுகளைத்தான் கோர் பிராஞ்ச் என்பார்கள். பெரியம்மா மட்டும் முழு ஆதரவு. நான் பாதி டாக்டர் ஆகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போல.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃபில் பயாலஜி மார்க் சேராது. கணக்குக்கு 100, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்குத் தலா 50, மொத்தம் 200. பயோமெடிக்கலுக்கும் இதே கணக்குதான். பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தால் உடற்கூறியல், உடலியங்கியல் வரும். மற்றபடி சர்க்யூட், சிக்னல் பிராசசிங், கணக்கு என்று எலக்ட்ரானிக்ஸ் வாடைதான் தூக்கல். பயாலஜி பிடிக்கும், கணக்கு ஆகாது என்பவர்கள் இதில் சேர்ந்தால் திண்டாட்டம்தான்.

அப்புறம் தெரிந்த அண்ணா ஒருவர் மூலமாக ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் பயோமெடிக்கல் அறைக்குப் போனேன். ரேக் நிறைய பழுதான கேபிள்கள், பிரஷர் கஃப்கள். அங்கிருந்த இன்ஜினியர் இதயத் துடிப்பைப் போலியாகக் கொடுக்கும் உள்ளங்கை அளவு சிமுலேட்டரை நோயாளி மானிட்டரில் மாட்டி, துடிப்பு 80 என்று வைத்தார். திரையிலும் 80. 120க்கு ஏற்றினார், அதுவும் சரியாக வந்தது. தேதி எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். பளபளப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த எண் பொய் சொன்னால் வார்டில் என்ன ஆகும் என்று யோசித்தபோது எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. "பயோமெடிக்கல்தான் படிக்கோணுமாங்க?" என்று கேட்டேன். "எங்க டீம்லயே இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிச்சவங்க இருக்காங்க கண்ணு. ஆனா பயோமெடிக்கல் படிச்சவங்களை பம்ப் கம்பெனிக்காரன் கூப்பிட மாட்டான்" என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான்: வேறு பிராஞ்ச் படித்தாலும் இந்தப் பக்கம் வரலாம். ஒரு உதாரணம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வை 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார்கள். உலோகச் சட்டத்துக்குள் சாய்ந்து திறக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். அது தேயாமல், ரத்தம் உறையாமல் ஓட வேண்டும். பாதிக்குப் பாதி மெக்கானிக்கல், மெட்டலர்ஜி வேலை. எம்.டெக் சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் 2020இல்தான் வந்தது. ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்குக்கு மற்ற பிராஞ்ச்காரர்களும் போகலாம். பின்வாசல் திறந்தே இருக்கிறது என்று தெரிந்ததும் மனசு லேசானது.

கவுன்சிலிங்கில் கல்லூரி, பிராஞ்ச் பட்டியலை ஆன்லைனில் போடும்போது எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்; வரிசைதான் முக்கியம். கிடைக்காது என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள், மேலே கிடைக்காவிட்டால் சிஸ்டம் அடுத்ததைத்தான் பார்க்கும். நான் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியில் இசிஇ, அதற்கடுத்து அங்கேயே எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், பிறகு கோவையிலேயே பிஎஸ்ஜி டெக் கல்லூரியில் பயோமெடிக்கல் என்று போட்டேன். ஜிசிடி அரசுக் கல்லூரி என்பதால் ஃபீஸ் குறைவு என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். இரண்டாவது கிடைத்தது. சென்சார், அளவீடு, கன்ட்ரோல் எல்லாம் அதிலேயே வந்துவிடுவதால் எனக்குக் குறையில்லை.

ஆனால் கருவிகளுக்கு அனுமதி வாங்கித்தரும் ரெகுலேட்டரி பக்கமோ, ஆஸ்பத்திரி வேலையோதான் என்று உறுதியாக இருப்பவர்கள் தயங்காமல் பயோமெடிக்கலையே முதலில் போடலாம். மருத்துவக் கருவி விதிகள் 2018இல் அமலுக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. கல்லூரியில் லேப் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.