ஒன்றுமில்லை என்று சொன்னேன்

படகோட்டி கேட்டது ஒரே கேள்விதான். "இந்த மீனில் ஏதாவது இருக்கா?" கதிர்வீச்சு அளக்கும் கருவியின் திரையை நான் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றேன். கூட வந்த பெண் அதை மார்ஷலீஸில் சொன்னார், அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். ஊருக்கு வந்து இத்தனை நாளாகியும் மனசு அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பொய் சொல்லவில்லை. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனெவெடாக் பவளத்தீவில் 1948 முதல் 1958 வரை அமெரிக்கர்கள் 43 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள் என்பது உண்மை, ஆனாலும் அந்தக் கடற்கழி மீனின் சதையில், குண்டுகள் விட்டுப்போன கதிரியக்கச் சீசியம் குறைவாகத்தான் இருக்கும். சீசியம் உடம்புக்குள் பொட்டாசியத்தின் வழியில் நுழைகிற பொருள். கடல்நீரில் பொட்டாசியம் ஏராளமாக இருப்பதால் மீனுக்குள் சீசியத்துக்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. கரையில் நிலைமை தலைகீழ். பவளமணலில் பொட்டாசியம் பஞ்சம், அதனால் தென்னையும் தாழையும் சீசியத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்தத் தேங்காயைத் தின்னும் தென்னை நண்டிலும் அது சேரும். அவர் நண்டைக் காட்டிக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு சட்டென்று பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் பார்த்தது என்ன? ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மீனிலிருந்து வரும் கதிர்களை இரண்டு மணி நேரம்தான் எண்ண முடிந்தது. திரையின் வரைகோட்டில் சீசியம் தெரிய வேண்டிய 662 கேஇவி என்ற ஆற்றல் அளவில் மேடு எதுவும் எழவில்லை. அதே மீனை ஆய்வகத்தில் உலர்த்திப் பொடியாக்கி, ஈயச் சுவருக்குள் இரண்டு நாள் வைத்தபோது அங்கே சின்னதாக ஒரு மேடு வந்தது. கதிரியக்கத்தை அளக்கும் அலகான பெக்கரலில் சொன்னால், கிலோவுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. உணவில் சீசியத்துக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பு வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 1000 பெக்கரல். சரி, இதற்குப் போய் ஏன் தூக்கம் கெட வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

அப்புறம் குண்டுகள் விட்டுப்போன இன்னொரு கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கருவிக்கு அது தெரியாது. மீனை அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, அது விடும் ஆல்ஃபா கதிர்களை எண்ண வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். எனெவெடாக்கின் ரூனிட் தீவில் அணுக்கழிவைப் புதைத்து மூடிய கான்கிரீட் மூடிக்கு அடியில் கிடப்பதைவிட அதிகமான புளூட்டோனியம் கடற்கழியின் அடிமண்ணில் கிடக்கிறது. மனிதக் குடல் அதை மிகமிகக் கொஞ்சமாகத்தான் உள்ளே எடுக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் கருவியில் வைத்தது மீனின் சதையை மட்டும். தலை, ஈரல், குடல் எல்லாம் தனிப் பையில் போய்விட்டன. அவர் வீட்டில் முழு மீனைத்தான் கொதிக்க வைப்பார்கள், முந்தின நாள் எனக்கே அப்படித்தான் பரிமாறினார்கள்.

அப்படியானால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சதையில், சீசியம் மட்டும், இரண்டு மணி நேரம் பார்த்ததில் தெரியவில்லை" என்றா? அதைக் கேட்டுப் பயந்து மீனை விட்டுவிட்டால், பிறகு கப்பலில் வரும் அரிசியும் டின் இறைச்சியும்தான். சர்க்கரை நோய் அந்தத் தீவுகளை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். சில நாள் இந்த நியாயம் எனக்குப் போதுமாக இருக்கிறது.

சில நாள் போதவில்லை. குண்டுச் சோதனையின் கதிரியக்கத் தூசி விழுந்ததால் வெளியேற்றப்பட்டிருந்த, மார்ஷல் தீவுகளின் ரொங்கெலாப் மக்களிடம் ஆபத்தில்லை, ஊருக்குத் திரும்பலாம் என்று 1957-இல் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வாழ்ந்து, கடைசியில் 1985-இல் தாங்களாகவே தீவை விட்டுப் போனார்கள். கருவியோடு வந்து இறங்குகிறவர்கள் வாயிலிருந்து இந்த மாதிரிப் பதிலை என் படகோட்டியும் எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. கீழே விழுந்த பிள்ளையிடம் நாம் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்போமே, நானும் அந்தக் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவருக்கு என் அப்பா வயது.

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியில் நாங்கள் அறுக்காமல் வைத்திருந்த இரண்டு மீனை வாழைநாரில் கோத்து எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.