மல்லிகை மொட்டுல கிடைச்ச ப்ராஜெக்ட்

நிலக்கோட்டைல இருந்து அக்கா பொண்ணு போன் பண்ணா, ஈசிஇ ஃபைனல் இயர் படிக்கிறா, "மாமா, சாட்ஜிபிடிகிட்ட பத்து ப்ராஜெக்ட் ஐடியா கேட்டேன், கிளாஸ்ல பாதி பேருக்கு இதே லிஸ்ட்தான் வந்திருக்கு"ன்னு குரலே இறங்கிப்போச்சு.

ஸ்மார்ட் இரிகேஷன், முகத்த பாத்து அட்டெண்டன்ஸ், கேஸ் லீக் அலாரம். வரத்தானே செய்யும், நெட்ல நிறைய பேர் எழுதினத வச்சுதான் அது பழகியிருக்கு, பொதுவா கேட்டா எல்லாரும் செஞ்சதத்தான் முதல்ல நீட்டும்.

அவங்க அப்பா மல்லி போட்டிருக்காரு. விடியறதுக்குள்ள மொட்டா பறிச்சு சந்தைக்கு கொண்டுபோகணும், மொட்டு விரிஞ்சுட்டா விலை போச்சு. இத அப்படியே தமிழ்ல டைப் பண்ணு, கைல 2000 ரூபா, மூணு மாசம் டைம், ஆர்டுயினோ (சென்சார் மாட்டி ப்ரோகிராம் பண்ற சின்ன போர்டு) தெரியும், உடனே ஐடியா சொல்லாத முதல்ல என்கிட்ட கேள்வி கேளுன்னு போடுன்னேன்.

கேட்டுச்சு பாருங்க. பூவ கூடைல வைப்பீங்களா சாக்குலயா, எத்தனை மணி நேரம் கிடக்கும், எங்க முதல்ல சூடாகுது? இவளுக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியல, நேரா அப்பாகிட்ட போய் உக்காந்துட்டா. ஈரத்துணி போட்டு மூடினாலும் நடுக்கூடைல இருக்கற பூதான் முதல்ல வெதவெதன்னு ஆகும்னாராம். ப்ராஜெக்ட் அங்கதான் இருக்கு!

கூடைக்குள்ள சூட்ட அளக்க சாட்ஜிபிடி சொன்ன டிஹெச்டி11 சென்சாருக்கு டேட்டாஷீட்ட பாக்க சொன்னேன், 2 டிகிரி முன்னபின்ன காட்டும், டிஹெச்டி22ன்னா அரை டிகிரிதான். அவளே மாத்திட்டா.

நாளைக்கு விடியக்காலை 3 மணிக்கு அப்பாகூட தோட்டத்துக்கு போறாளாம், நோட்டோட.