வெயில் இல்லாத ஊரில் மண் சுவர்

காசு கட்டி மண் மிதிக்கப் போகிறோம் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிறகு மெல்ல ஒரு கேள்வி வரும்: "வேலை கீலை போயிடுச்சாப்பா?"

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பக்கம், கோடையானால் இப்படிப் பயிற்சி முகாம்கள் நடக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள். பத்துப் பன்னிரண்டு பேர், நாலைந்து தார்ப்பாய், ஒரு குவியல் மண். அவர்கள் அதை 'காப்' என்கிறார்கள். நமக்கு மண் சுவர், அவ்வளவுதான். மண் வீட்டிலிருந்து ஓட்டு வீடு, ஓட்டு வீட்டிலிருந்து கான்கிரீட் தளம் என்று ஏறி, அங்கிருந்து விமானமும் ஏறி வந்தால், இங்கே பூட்ஸைக் கழற்றச் சொல்லி மண்ணைக் காட்டுகிறார்கள். பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1945இல் இந்தியாவுக்குப் போனவர். பிற்பாடு கேரளத்தில் தங்கி, கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருளில் வீடு கட்டுங்கள் என்று 2007இல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாம் தளம் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் காலை முழுக்க மண் பார்ப்பதிலேயே போகும். மேல்மண் ஆகாது. வேரும் மக்கும் கலந்த அந்த ஓரடி கறுப்பு மண்ணை வாரி ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் மண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், நிறையத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் படிய சில மணி நேரம். களிமண் படிந்து மேலே தண்ணீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். சுவருக்குக் களி ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் இருந்தால் நல்லது. ஜாடிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஈர மண்ணைப் பெருவிரல் பருமனில் திரித்து, மேசை விளிம்பில் வைத்து மெதுவாக வெளியே தள்ள வேண்டும். 5 செ.மீ. நீள்வதற்குள் முறிந்தால் மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் முறியாமல் தொங்கினால் களி அதிகம், காயும்போது வெடிக்கும். ஊர்க் கொத்தனார் ஒரு பிடி எடுத்துக் கசக்கிவிட்டு "ம்" என்பார். இங்கே அந்த "ம்"முக்கு ஒரு மேசையும் அளவுகோலும்.

கலப்பது தார்ப்பாயில். இரண்டரை மீட்டர் சதுரம் இருந்தால் இரண்டு பேர் சமாளிக்கலாம். டெவனில் பல இடங்களில் களியும் சரளையும் இயற்கையாகவே கலந்து கிடக்கும். வைக்கோலும் தண்ணீரும் மட்டும் போதும். வெறும் களியாக இருந்தால் ஒரு வாளிக்கு இரண்டு வாளி கூர்மணல் (முனை மழுங்காத சொரசொரப்பு மணல்) என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். மிதித்து, தார்ப்பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்துப் பாய் சுருட்டுவதுபோல இழுத்துப் புரட்டி, மறுபடி மிதிக்க வேண்டும். வைக்கோல் கடைசியில்தான், அதையும் தூவித் தூவி. இங்கே கிடைப்பது கோதுமை, பார்லி வைக்கோல். நெல் வைக்கோலைவிட விறைப்பு, பாதத்தைக் குத்தும். ஒரு உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டால் சிதறவும் கூடாது, கூழாகப் பரவவும் கூடாது. சற்றே தட்டையாகி அப்படியே உட்கார வேண்டும்.

இதுவரை நம்மவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. தலைவலி சுவர் எழுப்பும்போதுதான், அதுவும் வெயிலால். இல்லாத வெயிலால்.

கருங்கல் அடித்தளத்தின்மேல் சுமார் 60 செ.மீ. கனத்தில் மண்ணை அடுக்கி மிதித்துக்கொண்டே போனால், ஒரு மூச்சில் 45, மிஞ்சினால் 60 செ.மீ. உயரம்தான் ஏற்றலாம். ஆசைப்பட்டு அதற்குமேல் ஏற்றினால், அல்லது கலவையில் தண்ணீர் கூடிவிட்டால், சுவருக்குத் தொந்தி விழும். விழுந்த தொந்தியை உள்ளே தள்ள முடியாது, வெட்டி எடுக்கத்தான் வேண்டும். கொஞ்சம் இறுகியதும் பக்கங்களைத் தட்டை மண்வெட்டியால் செதுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுக் காய விட வேண்டும். மேல்பரப்பை மட்டும் வழுவழுப்பாக்கவே கூடாது. குச்சியால் குத்திக் குழிகள் போட்டு வைத்தால்தான் அடுத்த வரிசை பிடிக்கும்.

அடுத்த வரிசை எப்போது? ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சித்திரை வைகாசியில் சுவர் வைத்தால், நேற்று வைத்தது நாளை மறுநாள் தாங்கும். இங்கே இரண்டு வாரம் என்கிறார்கள். தூறல் பிடித்துக்கொண்டால் அதுவும் போதாது. தூறலும் நம்மூர் மழைபோல மேலிருந்து விழுந்துவிட்டுப் போவதில்லை, காற்றோடு பக்கவாட்டில் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, காய வேண்டியது காயாது. மூடாவிட்டால் நனையும். மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து, பாய் சுவரைத் தொடாதபடி கட்டைகள் கொடுத்துத் தூக்கிக் கட்டுவதுதான் வழி. வானத்தைப் பார்ப்பது, பாயை இழுப்பது, முடிச்சை அவிழ்ப்பது, மறுபடி வானத்தைப் பார்ப்பது: சுவர் வேலையில் பாதி இதுதான்.

முழு உயரம் எழும்பிய பிறகும் அந்தக் கனத்துக்கு உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும். காயக் காயச் சுவர் அமரும். ஆகவே ஜன்னல் சட்டத்தின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஓரிரு செ.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் சட்டம் நசுங்கிக் கதவு பிடித்துக்கொள்ளும். காயுமுன் பூச்சுப் பூசினால் பூச்சு வெடிக்கும். சரி, காயட்டும் என்று இருந்தால் குளிர்காலம் வந்துவிடும். வெளியே பூசுவது சுண்ணாம்புக் காரை, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். 5 டிகிரிக்குக் கீழே அதைத் தொடக் கூடாது. உறைபனி இறங்கினால் காரைக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி விரிந்து, அப்பளம்போல உதிர்ந்துவிடும். ஊரில் காரை சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காப்பாற்றுவோம். அந்தத் தண்ணீர் உறையும் என்ற கவலை நமக்கு எங்கே இருந்தது? (சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கண்ணே போகும். இங்கே கண்ணாடி போடாமல் பக்கத்தில் விட மாட்டார்கள். இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.)

அவசரப்பட்டுச் சிமெண்ட் பூசலாமா என்றால், டெவனில் பழைய சுவர்கள் இடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிமெண்ட் பூச்சில் முதலில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி அடியில் தேங்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் சுவர் உள்ளே சேறாகி, ஒரு நாள் உட்கார்ந்துவிடும். நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் மண் சுவர் நிற்கும் என்பது அந்த ஊர்ச் சொலவடை. செருப்பு என்பது முழங்கால் உயரக் கல் அடித்தளம், தொப்பி என்பது நீட்டி இறக்கிய கூரை. நம் தாழ்வாரத்தை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் கை பழகிவிடும். வாயும் பழகிவிடும்: லிஃப்ட் (ஒரு மூச்சில் ஏற்றும் வரிசை), ஹெஸியன் (சாக்குத் துணி), டாப் (மண் பூச்சு) என்று சரளமாக வரும். இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டோம் என்று நிமிரும்போது சாணி வாளி வந்து இறங்கும்.

உள்பூச்சுக்குச் சாணி. 3 மி.மீ. சல்லடையில் சலித்த களி 1 பங்கு, நைஸ் மணல் 2 முதல் 3 பங்கு, சாணி அரைப் பங்கு. கையகலச் சதுரங்களாக வெவ்வேறு விகிதத்தில் சுவரில் பூசிக் காயவைத்து, எது வெடிக்கவில்லை, எது தேய்த்தால் உதிரவில்லை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்லாரும் கையுறை மாட்டிக்கொண்டு, ஏதோ ஆய்வுக்கூடத்துப் பொருளைப்போல அதைத் தொடுவார்கள். சாணியும் நம் சாணி இல்லை. பச்சைப் புல்லும் புளிக்கவைத்த தீவனமும் தின்னும் மாடு, கழிச்சல்போலத் தண்ணியாகப் போடும். வைக்கோல் தின்னும் மாட்டுச் சாணியில்தான் பூச்சைப் பிடித்துக்கொள்ளும் நார் இருக்கும். காய்ந்த தீனி தின்னும் மாடு எங்கே என்று தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் வைக்கோலைப் பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும்.

பூச்சு காய எத்தனை நாள் ஆகும் என்று யாராவது கேட்பார்கள். கனத்தைப் பொறுத்து ஒரு வாரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் கொஞ்சம் முன்னால் என்று பதில் வரும். குறிப்பேட்டில் எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். காலையில் திண்ணை மெழுகினால் மத்தியானம் அதிலேயே இலை போட்டு உட்கார்ந்துவிடுவோம் என்று சொன்னால், இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள்.